இடது பின்கால்

காலை எட்டரைக்குத் திரவியம் சொன்ன சொல்லை, பத்து மணிக்கு மூன்றாவது காலின் இரண்டாவது மூலையைச் சீவும்போதும் கோமதிநாயகம் கேட்டுக்கொண்டிருந்தார். திரவியம் சத்தமாகச் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உளிகளைச் சாக்கிலிருந்து எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டே, சாரல் இன்று விடாது போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னான். "மச்சான், இந்த எட்டுக் காலுக்கும் துளை எடுத்துக் குடுத்துட்டு நான் நின்னுக்கிடுதேன். திங்கக்கிழமையிலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கிடுங்க." கோமதிநாயகம் இழைப்புளியின் வாயில் சிக்கியிருந்த சீவலைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நின்னுட்டு என்னத்தச் செய்யப் போற மாப்ள? கலெக்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியோ?" என்றார். திரவியமும் சிரித்தான். "மரக்கடையில காவலுக்கு ஆள் கேக்காவ. நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டே இருக்கணுமாம். நாற்காலி செஞ்சதுக்கு உக்காந்தாவது பாப்போம்னுதான்." அப்புறம் சிரிப்பு நின்றபின் சொன்னான், "கை நிக்க மாட்டேங்கு மச்சான். துளை பாதி ஆழம் போனதும் நடுங்குது. அதுக்கு மேல போகாதே போகாதேன்னு உள்ளேர்ந்து ஒரு சத்தம். எத்தனை நாளைக்கு இப்படியே ஓட்ட?" இவ்வளவுதான் பேச்சு. அதன்பிறகு ஒன்றரை மணி நேரமாகத் தகரக் கூரையில் சாரல் பொரிந்துகொண்டிருக்கிறது, திரவியம் பட்டறையின் அந்தக் கோடியில் கொட்டாப்புளியால் தட்டுகிறான், நிறுத்துகிறான், ஈர்க்குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழம் பார்க்கிறான், மறுபடி தட்டுகிறான். மூன்று தட்டு, ஒரு குச்சி. மூன்று தட்டு, ஒரு குச்சி. தங்கச்சி செண்பகத்தைக் கல்யாணம் முடித்து இந்தப் பட்டறைக்கு வந்த காலத்தில் அவன் அப்படி இல்லை. ஒரு பாட்டைப் பாடி முடிப்பதற்குள் ஒரு துளை எடுத்துவிடுவான், ஆழம் பார்ப்பது கிடையாது, உளி இறங்குகிற சத்தமே அவனுக்குச் சொல்லிவிடும். அதை இப்போது நினைக்கக் கூடாது என்று கோமதிநாயகம் காலைத் திருப்பி வைத்து வைஸை இறுக்கினார். நினைக்காமல் இருப்பதற்கு இந்த வேலையில் வழி உண்டு, எண்ணிக்கை இருக்கிறது, கட்டையின் நாலு பட்டை எட்டாக வேண்டும், எட்டு பதினாறாக வேண்டும், பதினாறுக்குப் பிறகு அரமும் உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்தக் கால்களுக்கு எட்டோடு நிறுத்தவேண்டும். குற்றாலத்துப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் பத்து நாற்காலிகளில் இரண்டைக் கரையான் தின்றுவிட்டது, மீதி எட்டுக்கும் ஜோடியாக இரண்டு வேண்டும் என்று அந்த வீட்டம்மாள் வந்து கேட்டாள். எட்டுப்பட்டைக் கால், மேலே தடித்துக் கீழே மெலிகிற கால், கடைசல் எந்திரத்தில் போட்டால் உருண்டையாகிவிடும், கையால்தான் ஆகும். "அச்சு அசலா இருக்கணும் ஆசாரி, பக்கத்துல போட்டா எது புதுசு எது பழசுன்னு எனக்கே தெரியக்கூடாது" என்றாள். தெரியாதம்மா, என்றார் இவர். தெரியாமல் செய்வதுதானே நம்முடைய வேலை. அப்படி நினைத்த உடனே இழைப்புளி ஒரு இடத்தில் திக்கியது.

திக்கியது மரம்தான், இழைப்புளி அல்ல. சதுரக் கட்டையை எட்டுப்பட்டை ஆக்க ஒரு முகத்தை இருபத்து நாலு பங்காக்கி, ஏழு, பத்து, ஏழு என்று கோடு போடவேண்டும். நடுவில் உள்ள பத்து நிற்கும், ஓரத்து ஏழும் ஏழும் போகும். கட்டை மெலிய மெலிய இருபத்து நாலும் மெலியும், ஆனால் ஏழும் பத்தும் மாறாது. கோமதிநாயகத்துக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். ஒரு பொருள் எவ்வளவு சிறுத்தாலும் அதற்குள் ஒன்று மாறாமல் இருக்கிறது என்பதில் ஒரு நிம்மதி. கோடு வரையில் சீவல் சுருள் சுருளாக வந்தது, தேக்கின் எண்ணெய் வாசனை, லேசாகப் பழைய தோலின் வாசனை, அப்புறம் ஒரு சாண் உயரத்தில் திக்கல். விரலால் தடவினார். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த விரல்களை நம்ப முடியாது, ஐம்பத்தெட்டு வயதில் விரல் நுனி காய்த்துத் தோல் செருப்பாகிவிட்டது. நகத்தால் தடவினார். நகம் ஒரு இடத்தில் இறங்கி ஏறியது. கட்டையை வைஸிலிருந்து எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சாரல் நாளின் வெளிச்சத்தில் எதுவும் பளிச்சென்று தெரியாது, எல்லாம் கழுவிய பாத்திரம் மாதிரி மங்கலாக இருக்கும். இருந்தாலும் தெரிந்தது. மயிரிழை. கறுப்பு. இரண்டு விரற்கடை நீளம், சட்டம் வந்து சேருகிற துளை எங்கே வருமோ சரியாக அந்த இடத்தில். மரம் விழுந்தபோது வாங்கிய அடியாக இருக்கும், எந்த மலையில் எந்தப் பாறையில் விழுந்ததோ, வெளியே காட்டாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு லாரி ஏறி, அறுப்பு மில்லுக்குள் போய், மூன்று வருஷம் காய்ந்து, என் கையில் வந்து வாயைத் திறக்கிறது. அவர் கட்டையைச் செங்குத்தாகத் தொங்கப் பிடித்து விரல் முட்டியால் தட்டினார். நல்ல கட்டை மணி மாதிரி சொல்லும். இது சொல்லவில்லை. மண்ணில் வைத்துத் தட்டியது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷமாகக் கேட்காத சத்தம் இல்லை அது. தினமும் கேட்கிற சத்தம், இன்றைக்கு வெளியிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கும் சாரல்தான், இல்லை, அன்றைக்கு வெயில், ஏன் சாரல் என்று நினைவு வருகிறது, செண்பகம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் சாரல் அடித்தது, அதனால் இருக்கும். நாற்காலி செய்த நாள் நல்ல வெயில். வீட்டுக்கென்று ஒரு நாற்காலி இல்லையே என்று தங்கச்சி குறைப்பட்டுக்கொண்டே இருந்தாள். ஊருக்கெல்லாம் நாற்காலி செய்கிறவன் பொண்டாட்டி பலகையில் உட்காருகிறேன் என்று. சரி என்று இரண்டு பேரும் மீந்த கட்டைகளைச் சேர்த்து ஆரம்பித்தார்கள், இவர் காலும் முதுகுக் கம்புகளும், திரவியம் துளையும் பொருத்தும், எப்போதும் போல. மூன்று கால்கள் முடிந்துவிட்டன. நான்காவது கால், இடது பின்கால், சாயங்காலம் நாலு மணி, எட்டும் பதினாறும் முடிந்து அரம் போடும்போது அந்த மயிரிழை. தட்டிப் பார்த்தார். இதே சத்தம். தூக்கி அடுப்புக்குப் போடவேண்டும், அதுதான் முறை, விரிசல் விட்ட கட்டை காலுக்கு ஆகாது, இதைத் தெரிந்துகொள்ள யாரும் ஆசாரியாகப் பிறக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு அவருக்கு அசதியாக இருந்தது. ஒன்பது வருஷமாக அவர் அந்த அசதியைத் தேடிப் பார்க்கிறார், அது எப்படிப்பட்ட அசதி, காய்ச்சலா, தூக்கமில்லையா, பசியா, ஒன்றும் இல்லை, நாலு மணிக்கு எல்லோருக்கும் வருகிற அசதி, ஒரு டீ குடித்தால் போய்விடுகிற அசதி. இன்னொரு கட்டையை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே என்ற அசதி. மரத்தூளைப் பசையில் குழைத்து விரிசலில் வைத்துத் தேய்த்தார், காய்ந்ததும் உப்புத்தாள் போட்டார். மறைந்துவிட்டது. அவ்வளவு அழகாக மறைந்தது, அவரே திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஒரு பெருமைகூட வந்தது. மேசை என்றால் பரவாயில்லை, அலமாரி என்றால் பரவாயில்லை, கால். மனுஷர் பாரம் இறங்குகிற இடம். அதை அவர் எடுத்துத் திரவியத்தின் கையில் கொடுத்தார், திரவியம் தட்டிப் பார்க்கவில்லை. அவர் கொடுத்த காலை அவன் என்றைக்குத் தட்டிப் பார்த்தான்? மச்சான் கொடுத்தால் மரம் நல்ல மரம். அந்த மயிரிழையின் நடுவில் உளியை வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே, துளை எடுத்தான்.

"மச்சான், வாசல்ல என்ன, கஸ்டமர் வாராவளா?" என்றது திரவியத்தின் குரல். "இல்ல, சும்மா வெளிச்சத்துக்கு" என்று உள்ளே வந்தார். கட்டையைத் தன் பக்கமாக மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்ததை நடந்த பிறகுதான் கவனித்தார். யாரிடமிருந்து மறைக்கிறேன், இதில் தப்பு ஒன்றும் இல்லையே, விரிசல் கண்டேன், தூக்கிப் போட்டேன் என்றால் முடிந்தது. ஆனால் கை தானாகவே மறைத்தது. ஒன்பது வருஷப் பழக்கம். கட்டையை மேசையில் வைத்து, இன்னொரு கட்டையை வைஸில் மாட்டி, அதற்கு ஏழு, பத்து, ஏழு கோடு போட ஆரம்பித்தார். கோடு கோணியது. அழித்தார். ஏழு, பத்து. விழுந்த அன்றைக்குச் செண்பகம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முறம் மடியில். நாற்காலி வீட்டுக்குப் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. பின்னால் சாய்ந்தாள், அவ்வளவுதான் செய்தாள், நாற்காலியில் உட்கார்ந்த யாரும் செய்வதைத்தான் செய்தாள். அடுப்படிக் கல்படியில் இடுப்பு போய் அடித்தது. அரிசி வீடெல்லாம். இவர் போய்ச் சேர்ந்தபோது வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், திரவியம் கூடவே ஏறினான், போகிற போக்கில் இவரைப் பார்த்து, "துளையை ஆழமா எடுத்துட்டேன் மச்சான், நான்தான், ஆழமா எடுத்துட்டேன்" என்றான். அப்போது சொல்லியிருக்கலாம். வேன் கதவு திறந்துதான் இருந்தது, இரண்டு சொல் சொல்ல நேரம் இருந்தது. இவர் சொன்னது, "நீ போ, அவளைப் பாரு." வேன் போனதும் வீட்டுக்குள் போனார். பின்கால் துளை இருந்த இடத்தில் பிளந்து இரண்டாகக் கிடந்தது. பிளவின் உள்பக்கம், பசையின் வெளிறிய கோடு, பல் விளக்காத வாயின் கறை மாதிரி. யார் பார்த்தாலும் தெரியும், ஆசாரி பார்த்தால் தூரத்திலிருந்தே தெரியும். அரிவாளால் நாற்காலி முழுவதையும் வெட்டி, அவர்கள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே அடுக்கி, அந்தக் காலை மட்டும் முதலில் எரித்தார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, ஆமா அண்ணாச்சி, கண்ணுல படக்கூடாது, எரிச்சிருங்க என்றாள். எவ்வளவு நல்ல அண்ணன். மரத்தூள் வைத்து அடைத்தது அசதி. எரித்தது என்ன? அதற்கு ஒன்பது வருஷமாக அவர் பெயர் தேடவில்லை, அங்கே வந்ததும் நினைப்பு திரும்பிக்கொள்ளும், வண்டி மாடு பழகின சந்தில் திரும்புவது போல. ஏழு, பத்து, ஏழு.

மூன்று தட்டு, ஒரு குச்சி. தட்டு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் திரவியம் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குளிரில் விறைத்த கையைச் சூடாக்குகிறவன் போல. இவர் பார்ப்பதைக் கண்டு, "ஒண்ணுமில்ல, போயிரும்" என்றான். இந்த எட்டுக் காலோடு போயிரும். மரக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காருவான், லாரி நம்பரைப் பார்த்துக்கொண்டு, தென்காசித் தாலுகாவிலேயே இவன் அளவுக்குப் பொருத்துப் போடுகிற கை இல்லை, அந்தக் கை டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். கோமதிநாயகம் தன்னிடம் கேட்டுக்கொண்டார், இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருந்தது. இத்தனை நாளும் ஒன்றும் ஆகவில்லை, இனியும் ஆகாது, அவன் தன்மேல் பழியை வைத்துக்கொண்டே போய்ச் சேருவான், நான் அவன் தலைமாட்டில் நின்று நல்ல மனுஷன் என்று சொல்லுவேன். சொன்னால் என்ன ஆகும்? அவன் இந்த உளியை எறியலாம். எறிய மாட்டான். செண்பகம் முகத்தில் இனி விழிக்க முடியாது. ஏன், இப்போது மட்டும் எங்கே விழிக்கிறேன், ஒன்பது வருஷமாக அவள் நடந்து வந்தால் நான் கீழே பார்க்கிறேன், கீழே பார்த்தால் அந்தக் காலைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது, இழுத்து வைக்கிற இடது காலை. எத்தனை தடவை தொண்டை வரைக்கும் வந்திருக்கிறது. பொங்கலுக்கு வந்தது. என் சின்ன மகள் சடங்குக்கு வந்தது. போன வருஷம் இவனும் நானும் அம்பாசமுத்திரத்துக்கு பஸ்ஸில் போனோம், ஜன்னல் பக்கம் அவன், ஒரு மணி நேரம், பேசினது எல்லாம் கட்டை விலை. ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்லலாம் என்றது அதே அசதி. அதே நாலு மணி அசதி. இன்னொரு கட்டையை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே.

எழுந்தார். எழுந்ததும் எதற்கு எழுந்தோம் என்று புரியாமல் ஒரு நிமிஷம் நின்றார். விரிசல் கட்டை மேசையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பட்டறையின் அந்தக் கோடிக்குப் போனார். பதினைந்து அடி. சீவல்கள் காலடியில் நொறுங்கின.

"மாப்ள, இதைத் தட்டிப் பாரு."

"எதுக்கு? நீங்க பாக்காததா?"

"பாரேன்."

திரவியம் வாங்கி, தொங்கப் பிடித்து, முட்டியால் தட்டினான். முகத்தைச் சுளித்தான். மறுபடி தட்டினான். "செத்த சத்தமால்லா வருது. உள்ள வாய் விட்டிருக்கு. தூரப் போடுங்க."

"அன்னைக்கும் இந்தச் சத்தம்தான் வந்துது."

"என்னைக்கு?"

"செண்பகம் விழுந்த நாற்காலி. நான் தட்டிப் பாத்தேன், இதே சத்தம். மரத்தூள் வச்சு அடைச்சு உங்கிட்ட குடுத்தேன். நீ துளையை ஆழமா எடுக்கலை. காலு ஏற்கனவே விரிசல் விட்டிருந்தது."

தகரத்தில் சாரல் வலுத்தது. திரவியம் கட்டையைக் கீழே வைக்கவில்லை. அதன் பட்டை ஒன்றைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தான், பூனையைத் தடவுவது போல. அப்புறம் வேலை விஷயம் கேட்கிற குரலில் கேட்டான்.

"எந்தக் காலு?"

"இடது பின்கால்."

"எவ்வளவு நீளம் விட்டிருந்தது?"

"ரெண்டு விரக்கடை. கூட இருக்கலாம்."

"என் துளைக்கு மேலயா கீழயா?"

"நடுவுல."

திரவியம் தலையசைத்தான். கணக்கு சரியாக வந்துவிட்டது போல. "நான் தேடினேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் அந்தக் காலைத் தேடினேன், எவ்வளவு ஆழம் எடுத்திருக்கோம்னு அளந்து பாத்துருவோம்னு. மச்சான் எரிச்சுட்டாவன்னு சொன்னாவ. எனக்காகத்தான் எரிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். எங்கண்ணுல படக்கூடாதுன்னு." நிறுத்தினான். "அவ ராத்திரி புரண்டு படுக்கையில முனகுவா. முனகும்போதெல்லாம் நான் மன்னிச்சுருன்னு சொல்லுவேன். தூக்கத்துல அவளுக்குக் கேக்காது. இருந்தாலும் சொல்லுவேன். தெனமும் மச்சான். ஒம்போது வருஷம்."

மன்னிச்சுரு என்ற சொல் கோமதிநாயகத்தின் வாய்க்கு வந்தது, ஆனால் அது அவன் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த சொல், அதையும் அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. சொல்லிவிட்டால் ஒரு பாரம் இறங்கும் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தார். மூட்டை தூக்குகிறவன் கடைசிப் படியை நினைப்பது போல நினைத்திருந்தார். ஒன்றும் இறங்கவில்லை. கால் வலித்தது, தோள் வலித்தது, மணி பன்னிரண்டேகால்தான் ஆகியிருந்தது. திரவியம் எழுந்து கட்டையை அவர் கையிலேயே கொடுத்தான், மரியாதையாக, இரண்டு கையாலும். ஆணியிலிருந்து சட்டையை எடுத்தான்.

"எங்க போற?"

"தெரியல. கொஞ்சம் நடக்கேன்."

"திங்கக்கிழமை..."

"திங்கக்கிழமையைப் பத்தி இப்பக் கேக்காதீங்க." பொத்தானைப் போட்டான். கை நடுங்கியது, அல்லது நடுங்கவில்லை, இவருக்குச் சரியாகத் தெரியவில்லை. "அவ சோறு கொண்டு வருவா. அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, பழியைத் தட்டிவிடுதேன்னு ஆயிரும்."

பின்வாசல் வழியாகப் போய்விட்டான். கோமதிநாயகம் தனியாக நின்றார். ஒரு தடவைதான் சொல்லவேண்டியிருக்கும் என்று எப்படி நினைத்தோம் என்று அவருக்கு வியப்பாக இருந்தது. இவனிடம் ஒன்று, அவளிடம் ஒன்று, வீட்டில் பெண்டாட்டியிடம் ஒன்று, எரிச்சிருங்க என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஒரு நாள் தெரியவேண்டும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து. யாரும் பாதியிலிருந்து கேட்கமாட்டார்கள். முன்வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது, அப்புறம் அந்த நடை, ஒரு அடி நேராக, ஒரு அடி இழுத்து. செண்பகம் தூக்குவாளியை மேசையில் வைத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பின் வாசனை வந்தது.

"அவுக எங்கண்ணே? பின்வாசல் பக்கமா வேகமா நடந்து போறாவ, கூப்பிட்டா திரும்பல."

"வருவான். நீ உக்காரு செண்பகம். ஒண்ணு சொல்லணும்."

"உக்காந்தா எந்திரிக்க நேரமாகும், நின்னுக்கிடுதேன். சொல்லுங்க." அவள் வாளியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி இறுக்கமாக இருந்தது.

அவர் இந்த முறை கீழே பார்க்கவில்லை. "அந்த நாற்காலி..." என்றார். செருமிவிட்டு மறுபடி சொன்னார். "அந்த நாற்காலி இருக்குல்லா."

செண்பகம் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டே பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் பாலிஷுக்கு நிற்கும் ஆறு, கவிழ்த்து வைத்த நாலு, முதுகு மட்டும் ஆன இரண்டு.

"எந்த நாற்காலி?" என்று கேட்டாள்.